மூக்கு வழியாக மூளைக்கு: ஒரு தூசியின் ஏறத்தாழ இருநூறு வருடக் கதை

ஓசூர்க்காரர்களிடம் தூசி என்று சொன்னால் இரண்டு விஷயம் ஞாபகம் வரும். ஒன்று, டிப்பர் லாரி போகும்போது கண்ணில் விழுகிற புழுதி. இன்னொன்று, கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் அறுக்கிற இடத்தில் வெள்ளையாகப் படிகிற தூள். இரண்டும் கண்ணுக்குத் தெரியும், கையால் தட்டிவிடலாம். நான் எழுதப்போவது தட்டிவிட முடியாத மூன்றாவது தூசியைப் பற்றி. வெல்டிங் புகையிலும் டீசல் புகையிலும் இருக்கிற, நானோமீட்டரில் அளக்க வேண்டிய துகள்கள். அவை மூளை செல்களை என்ன செய்கின்றன என்பது கடந்த இருபது வருடத்தில்தான் ஆய்வகங்களில் பெரிய தலைப்பானது. ஆனால் அதன் கதை 1837-லேயே தொடங்கிவிட்டது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மருத்துவர் இல்லை. பி.இ. படித்துவிட்டு கோடு எழுதிப் பிழைப்பவன். மூக்கண்டப்பள்ளியில் சிப்காட்டை ஒட்டி வாழ்வதால், இந்த விஷயத்தைப் படிக்கப் படிக்க இதற்கும் நம் தெருவுக்கும் தொடர்பு இருக்கிறது என்று தோன்றியது. ஊர்ப் பேரிலேயே மூக்கு இருப்பது தற்செயல்தான். ஆனால் கதையின் பாதி மூக்கைப் பற்றியது.

அளவைப் புரிந்துகொள்வோம்

ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு நானோமீட்டர். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70,000 நானோமீட்டர். செய்திகளில் அடிபடும் பி.எம். 2.5 என்பது 2,500 நானோமீட்டருக்கு உட்பட்ட துகள்களின் மொத்த எடை. நானோ துகள் என்று சொல்வது 100 நானோமீட்டருக்கும் கீழே.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். 2,500 நானோமீட்டர் விட்டமுள்ள ஒரே ஒரு துகள், 50 நானோமீட்டர் விட்டமுள்ள எத்தனை துகள்களின் எடைக்குச் சமம்? விட்டம் 50 மடங்கு. கன அளவு 50-ன் மும்மடி. அதாவது 1,25,000 துகள்கள். எடை அதேதான், ஆனால் மொத்த மேற்பரப்பு 50 மடங்கு கூடிவிடும். செல்லோடு உரசுவதும் வேதிவினை நடப்பதும் மேற்பரப்பில்தான். எடை போட்டு மட்டும் தூசியைக் கணக்கு வைத்தால், எண்ணிக்கையில் மிக அதிகமாக இருக்கிற இந்தக் கூட்டம் தராசில் தெரியவே தெரியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி தேவைப்படும்.

கிளாஸ்கோ, 1837

ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் மருத்துவர் நடுக்குவாதம் பற்றிய தன் கட்டுரையை வெளியிட்டது 1817-ல். சரியாக இருபது வருடம் கழித்து ஜான் கூப்பர் என்பவர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து ஒரு சிறு குறிப்பு எழுதினார். பிளீச்சிங் பவுடர் செய்ய குளோரின் வேண்டும். குளோரின் எடுக்க அந்தக் காலத்தில் கறுப்பு மாங்கனீசு டை ஆக்சைடை அரைத்து அமிலத்தில் போட்டார்கள். அதை அரைக்கிற வேலையில் இருந்த ஐந்து பேருக்கு வந்த நோயை கூப்பர் விவரித்தார். கால்கள் பலமிழக்கின்றன. நடக்கும்போது உடம்பு முன்னால் சாய்ந்து தள்ளாடுகிறது. குரல் கிசுகிசுப்பாகிவிடுகிறது. வாயில் எச்சில் ஒழுகுகிறது. முகத்தில் உணர்ச்சி இல்லை. காரணம் மூச்சில் போகும் மாங்கனீசுத் தூள்தான் என்று அவர் நேராகவே எழுதினார்.

ஒரு தூசி நுரையீரலைக் கெடுக்கும் என்பது அன்றைக்கே பலருக்குத் தெரியும். ஆனால் தூசியை மூச்சில் இழுத்தவனுக்கு மூளை நோய் வருகிறது என்று சொன்ன மிகப் பழைய பதிவுகளில் இது ஒன்று. அந்தக் குறிப்பை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த அறுபது வருடத்துக்கும் மேல் அது தூங்கிப்போனது.

மெட்ராஸ் மாகாணத்து மாங்கனீசு

இந்தியாவில் மாங்கனீசு வெட்டி எடுக்கும் தொழில் தொடங்கியது எங்கே தெரியுமா? அன்றைய மெட்ராஸ் மாகாணத்தில், விசாகப்பட்டினம் மாவட்டத்தில், 1892-ல். அங்கிருந்து மத்திய மாகாணங்களுக்குப் பரவி, முதல் உலகப் போருக்கு முன்னால் ரஷ்யாவோடு போட்டி போடும் அளவுக்கு இந்தியா உலகச் சந்தையில் முன்னுக்கு வந்துவிட்டது. லூயிஸ் லீ ஃபெர்மர் என்ற மண்ணியலாளர் 1909-ல் இந்திய மாங்கனீசு பற்றி ஆயிரம் பக்கத்துக்கும் மேலான நூலை வெளியிட்டார். பாறையைப் பற்றி இத்தனை பெரிய நூல்!

ஏன் இத்தனை தேவை? எஃகு. மாங்கனீசு சேர்க்காமல் நல்ல எஃகு கிடையாது. பிளீச்சிங் பவுடர் போய் எஃகு வந்ததும், மாங்கனீசு அரைப்பவர்களின் நோய் சுரங்கத்துக்கும் உருக்காலைக்கும் இடம் மாறியது. 1955-ல் மொரோக்கோ சுரங்கத் தொழிலாளர்களைப் பற்றி ரோடியே என்ற மருத்துவர் எழுதிய அறிக்கையில், நோயாளிகளில் பெரும்பாலோர் நிலத்துக்கடியில் பாறையில் துளை போடுகிறவர்கள். துளை போடும் இயந்திரம் வந்த பிறகு தூள் நைசானது. தூள் நைசாக ஆக நோய் கூடியது.

சிலியில் இந்த நோய்க்கு சுரங்கத்தில் வைத்த பெயர் 'மாங்கனீசுப் பைத்தியம்'. முதலில் சம்பந்தமில்லாமல் சிரிப்பான், அழுவான், சண்டைக்குப் போவான். பிறகு முகம் இறுகும், நடை மாறும். குதிகால் தரையில் படாமல் முன்பாதத்தில் நடப்பதை மருத்துவ நூல்கள் சேவல் நடை என்றே எழுதுகின்றன. 1960களில் ஜார்ஜ் கோட்சியாஸ், இஸ்மாயேல் மேனா ஆகியோர் சிலி சுரங்கத் தொழிலாளர்களின் உடம்பில் மாங்கனீசு எவ்வளவு தங்குகிறது என்று அளந்தார்கள். வினோதமான முடிவு. இன்னும் சுரங்கத்தில் வேலை பார்க்கிற, நோயில்லாத ஆள்களின் உடம்பில் மாங்கனீசு அதிகம். வேலையை விட்டு வருடக்கணக்காகி, நோயால் முடங்கிக் கிடப்பவர்கள் உடம்பில் அது கிட்டத்தட்ட கழிந்துபோயிருந்தது.

இதன் அர்த்தம் என்ன? விஷம் வெளியேறிவிடுகிறது, ஆனால் அது கெடுத்த மூளைப் பகுதி சரியாவதில்லை. இரத்தத்தில் சோதித்துப் பார்த்து "மாங்கனீசு நார்மல், அதனால் இது தொழில் நோய் இல்லை" என்று ஒருவர் சொன்னால், அந்த வாதம் 1960களிலேயே அடிபட்டுப்போன வாதம். இதே கோட்சியாஸ்தான் 1967-ல் பார்க்கின்சன் நோய்க்கு எல்-டோபா மருந்தை அதிக அளவில் கொடுத்து, அது வேலை செய்கிறது என்று காட்டியவர். இன்றைக்கும் அந்த நோய்க்கு முதன்மையான மருந்து அதுதான்.

லக்னோவும் வெல்டர்களும்

1965-ல் லக்னோவில் தொழில்சார் நச்சியல் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. முதல் இயக்குநர் சிப்தே ஹசன் ஜைதி. இன்று அதன் பெயர் இந்திய நச்சியல் ஆராய்ச்சி நிறுவனம். அங்கே எஸ்.வி. சந்திராவும் கூட்டாளிகளும் மாங்கனீசு மூளையை எப்படித் தாக்குகிறது என்று பல வருடம் ஆராய்ந்தார்கள். சுரங்கத்தோடு நிற்காமல், 1981-ல் மூன்று இடங்களில் வேலை பார்த்த இந்திய வெல்டர்களைப் பரிசோதித்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நடுக்கம், நரம்பு அனிச்சைச் செயல்களில் மாற்றம் போன்ற அறிகுறிகள் சிலரிடம் இருந்தன.

வெல்டர் ஏன் இதில் வருகிறார்? வெல்டிங் ராடிலும் சிஓடூ வெல்டிங் கம்பியிலும் மாங்கனீசு உண்டு. வில்லின் வெப்பத்தில் உலோகம் கொதித்து ஆவியாகிறது. அந்த ஆவி காற்றில் பட்டதும் குளிர்ந்து, ஆக்சைடு துகள்களாக உறைகிறது. பிறக்கும்போது ஒவ்வொரு துகளும் சில பத்து நானோமீட்டர்தான். பிறகு ஒன்றோடொன்று ஒட்டி மணிச்சரம் மாதிரிச் சங்கிலியாகின்றன. அப்போதும் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்குள்தான். நானோ தொழில்நுட்பம் என்ற சொல்லே இல்லாத காலத்திலிருந்து ஒவ்வொரு வெல்டிங் பட்டறையும் நானோ துகள் உற்பத்தி செய்துகொண்டுதான் இருக்கிறது!

எதிர்த்தரப்பையும் சொல்ல வேண்டும். 2001-ல் அமெரிக்காவில் பிராட் ராசெட் குழு, பார்க்கின்சன் நோய் வந்த வெல்டர்களுக்கு அது சராசரியாக 46 வயதில் தொடங்கியது என்றும், மற்ற நோயாளிகளுக்கு 63 என்றும் எழுதியது. உடனே வழக்குகள் குவிந்தன. ஆனால் டென்மார்க்கில் வெல்டர்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில் பார்க்கின்சன் கூடுதலாக வரவில்லை. 2017-ல் ராசெட் குழு 886 தொழிலாளர்களைக் கவனித்து, புகையில் மாங்கனீசு அளவு கூடக்கூட நடை, இறுக்கம் போன்ற அறிகுறிகள் வேகமாக மோசமாகின்றன என்று காட்டியது. இன்று பலர் ஏற்கும் நிலை இதுதான்: வெல்டிங் புகை தருவது அசல் பார்க்கின்சன் நோய் என்று அடித்துச் சொல்ல முடியாது, அதைப் போலவே தோன்றும், ஆனால் மூளையில் வேறு இடத்தைத் தாக்கும், எல்-டோபாவுக்குச் சரியாக மசியாத ஒரு கோளாறு மாங்கனீசால் வருகிறது.

கோட்டைக்கு ஒரு திட்டிவாசல்

மூச்சில் போனது மூளைக்கு எப்படிப் போகிறது? மூளைக்கு ஒரு காவல் உண்டு. 1885-ல் பால் எர்லிக் ஒரு சாயத்தை விலங்கின் இரத்தத்தில் ஏற்றினார். எல்லா உறுப்பும் நிறம் மாறியது, மூளையைத் தவிர. 1913-ல் அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன் சாயத்தை மூளையைச் சுற்றியுள்ள திரவத்திலேயே நேரடியாகச் செலுத்தினார். மூளை நிறம் மாறியது. அப்படியென்றால் இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே ஒரு தடுப்பு இருக்கிறது. எங்கள் மொழியில் சொன்னால் ஃபயர்வால்.

ஆனால் இந்த ஃபயர்வாலில் ஒரு போர்ட் திறந்தே கிடக்கிறது. அதுதான் மூக்கு. வாசனை அறியும் நரம்பு செல்லின் ஒரு முனை மூக்கின் உச்சியில் காற்றில் நீட்டிக்கொண்டிருக்கிறது. மறுமுனை மண்டையோட்டின் சல்லடை எலும்புத் துளைகள் வழியாக நேரே மூளையின் முன்பகுதியில் இருக்கிற முகர்வுக் குமிழுக்குப் போகிறது. நடுவில் சோதனைச்சாவடி எதுவும் இல்லை. உடம்பில் வேறெங்கும் மூளையோடு நேரடித் தொடர்புள்ள நரம்பு செல் இப்படி வெளிக்காற்றில் நிற்பதில்லை.

இந்த வழியை முதலில் தீவிரமாக ஆராய்ந்தவர்கள் போலியோ ஆய்வாளர்கள். போலியோ வைரஸ் சுமார் 30 நானோமீட்டர். குரங்கின் மூக்கில் விட்டால் முகர்வு நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது என்று 1930களில் கண்டார்கள். நரம்புக்குள் அதன் வேகம் மணிக்கு சுமார் 2.4 மில்லிமீட்டர் என்று 1941-ல் போடியனும் ஹோவும் கணக்கிட்டார்கள். குரங்குக்கு அப்படியென்றால் மனிதனுக்கும் அப்படித்தான் என்று முடிவு கட்டி, 1937-ல் கனடாவின் டொரான்டோவில் சுமார் 5,000 குழந்தைகளின் மூக்கில் துத்தநாக சல்பேட் பீய்ச்சினார்கள், நரம்பு முனையை மூடிவிடலாம் என்ற நம்பிக்கையில். போலியோ தடுக்கப்படவில்லை. சில குழந்தைகளுக்கு வாசனை அறியும் திறன் திரும்பவே இல்லை. மனிதனுக்குப் போலியோ வருவது வாய் வழியாக, குடல் வழியாக என்பது பிறகு தெளிவானது. மூக்கு வழி என்ற கருத்தே அதோடு சேர்த்து ஓரமாக வைக்கப்பட்டது.

1970-ல் டேரின் டி லொரென்சோ என்ற அமெரிக்க ஆய்வாளர் அதை மறுபடி திறந்தார். வைரஸ் வேண்டாம், உயிரில்லாத துகளை விட்டுப் பார்ப்போம் என்று, வெள்ளி பூசிய 50 நானோமீட்டர் தங்கத் துகள்களை அணில் குரங்குகளின் மூக்கில் விட்டார். ஒரு மணி நேரத்துக்குள் அவை முகர்வுக் குமிழில் இருந்தன. முகர்வு நரம்பிழையின் விட்டம் சுமார் 200 நானோமீட்டர். 50 நானோமீட்டர் துகளுக்கு அது தாராளமான சுரங்கப்பாதை. அருமையான சோதனை. ஆனாலும் முப்பது வருடத்துக்கு மேல் தூசி ஆய்வாளர்கள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அவர்கள் எல்லோரும் நுரையீரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நாசியை அடைத்த சோதனை

நியூயார்க் மாநிலத்தில் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் குந்தர் ஓபர்டோர்ஸ்டர் 2004-ல் எலிகளை 36 நானோமீட்டர் கார்பன் துகள் கலந்த காற்றை ஆறு மணி நேரம் சுவாசிக்க வைத்தார். சாதாரணக் கார்பன் உடம்பெல்லாம் இருக்கும், பிரித்தறிய முடியாது. அதனால் கார்பன்-13 என்ற ஐசோடோப்பைப் பயன்படுத்தினார். ஏழு நாள் வரை முகர்வுக் குமிழில் அதன் அளவு ஏறிக்கொண்டே போனது.

2006-ல் அதே குழுவிலிருந்து அலிசன் எல்டர், 30 நானோமீட்டர் மாங்கனீசு ஆக்சைடு துகள்களை எடுத்துக்கொண்டார். அதாவது வெல்டிங் புகைக்கு நெருங்கிய சரக்கு. பன்னிரண்டு நாள் சுவாசித்த எலிகளின் முகர்வுக் குமிழில் மாங்கனீசு சுமார் மூன்றரை மடங்கு. அழற்சியைக் காட்டும் புரதங்களும் கூடின. "நுரையீரல் வழியாக இரத்தத்தில் கலந்து அங்கே போயிருக்கலாமே?" என்று கேட்பீர்கள். அதற்காகத்தான் அடுத்த சோதனை. எலியின் வலது நாசியை அடைத்துவிட்டு சுவாசிக்க வைத்தார்கள். மாங்கனீசு சேர்ந்தது இடது பக்கக் குமிழில் மட்டும். இரத்தம் வழியாகப் போயிருந்தால் இரண்டு பக்கமும் ஏறியிருக்க வேண்டும். பிழை எந்த மாட்யூலில் என்று கண்டுபிடிக்க ஒரு பக்கத்தைத் துண்டித்துப் பார்ப்போமே, அதே தர்க்கம்.

உள்ளே போன துகள் என்ன செய்கிறது? மூளையில் நரம்பு செல்கள் மட்டும் இல்லை. மைக்ரோகிளியா என்ற காவல்கார செல்களும் உண்டு. 1919-ல் ஸ்பெயின் விஞ்ஞானி டெல் ரியோ ஒர்த்தேகா தனியாக அடையாளம் காட்டியது. கிருமியோ செத்த செல்லோ வந்தால் விழுங்குவது இவற்றின் வேலை. விழுங்கும்போது வீரியமுள்ள ஆக்சிஜன் மூலக்கூறுகளைப் பீய்ச்சி எரிக்கும். கிருமி என்றால் செத்துவிடும், வேலை முடிந்தது. உலோக ஆக்சைடு செத்துப்போகாது. செல் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். 2006-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆய்வாளர்கள் டைட்டானியம் டை ஆக்சைடு நானோ துகளை மைக்ரோகிளியா செல்களின் மேல் விட்டபோது இந்த எரிப்பு வேகமாகத் தொடங்கி, நிற்காமல் நீண்டதைப் பார்த்தார்கள். அடுத்த ஆய்வில் பக்கத்திலிருந்த நரம்பு செல்கள் சேதமானதையும் காட்டினார்கள். திருடனைப் பிடிக்க வந்தவர் வீட்டையே கொளுத்திய கதை.

ஒரு எச்சரிக்கை. தட்டில் வளர்த்த செல்லின் மேல் விடுகிற அளவு, மனிதன் சுவாசிப்பதோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் மிக அதிகம். எலியின் மூக்கு உட்பரப்பில் ஏறத்தாழ பாதி வாசனைக்கானது. மனிதனுக்கு 5 சதவீதம்தான். அதனால் எலிக் கணக்கை அப்படியே நமக்குப் போடக் கூடாது. டொரான்டோ குழந்தைகளின் கதை இதற்காகத்தான் ஞாபகத்தில் இருக்க வேண்டும்.

மருந்தாகக் கொடுத்த தூள்

மனிதர்களுக்கே தெரிந்து கொடுத்த கதையும் ஒன்று உண்டு. நம் பக்கத்துக் கோலார் தங்கவயலில் ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்களைச் சிதைத்த சிலிக்கோசிஸ் நோயை இங்கே பலருக்குத் தெரியும். இந்தியாவில் அந்த நோய் முதலில் பதிவானதே அங்கேதான், 1934-ல். அதே நோய்க்கு கனடாவின் ஒன்டாரியோ மாகாணத் தங்கச் சுரங்கத்தில் ஒரு 'தடுப்பு மருந்து' கண்டுபிடித்தார்கள். அலுமினியத்தை மிக நைசாக அரைத்து, அந்தத் தூளைச் சுவாசித்தால் சிலிக்கா நுரையீரலைத் தாக்காது என்று ஒரு கருத்து. பெயர் மெக்கின்டயர் தூள். 1943 முதல் 1979 வரை, வேலைக்கு இறங்குமுன் உடை மாற்றும் அறையில் கதவை மூடி, கறுப்புத் தூளைக் காற்றில் ஊதி, தொழிலாளர்களைச் சுவாசிக்க வைத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு வழி இல்லை.

1990-ல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வு, அந்தத் தூளைச் சுவாசித்தவர்களின் நினைவாற்றல் சோதனை மதிப்பெண்கள் குறைந்திருந்ததைக் காட்டியது. பிறகு பேச்சு அடங்கிவிட்டது. பார்க்கின்சன் நோய் வந்த ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகள் 2010களில் ஊர் ஊராகப் போய் பழைய தொழிலாளர்களின் பெயர்ப் பட்டியல் எடுத்தார். அதன் பிறகுதான் முறையான ஆய்வு நடந்தது. பழைய தூள் டப்பாக்களைத் திறந்து நுண்ணோக்கியில் வைத்தபோது அதில் கணிசமான பங்கு நானோ அளவுத் துகள். 2020-ல் பார்க்கின்சன் நோய் அவர்களிடம் கூடுதல் என்று தெரிந்தது. 2022-ல் ஒன்டாரியோ அரசு அதைத் தொழில் நோயாக ஏற்றது. தூளை நிறுத்தி 43 வருடம் ஆகியிருந்தது.

இந்த வருடக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். ஒவ்வொரு முறையும் முதல் சாட்சி தொழிலாளியின் உடம்பு. ஆய்வகம் பின்னால் வருகிறது. சட்டம் அதற்கும் பின்னால்.

சாலையோரத்தில் இருப்பவர்களுக்கு

வெல்டர், சுரங்கத் தொழிலாளி மட்டும்தானா? மெக்சிகோ நகரத்தின் லிலியன் கால்டெரோன் கார்சிதுவெனாஸ் 2000களின் தொடக்கத்தில் தெருநாய்களின் மூளையைப் பார்த்தார். காற்று மோசமான பகுதி நாய்களின் மூளையில் அழற்சியும், வயதான மூளையில் காணும் மாற்றங்களும் இளம் வயதிலேயே இருந்தன. 2016-ல் இங்கிலாந்தின் லான்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் பார்பரா மேகர், கார்சிதுவெனாஸ் உள்ளிட்டோருடன் சேர்ந்து, மெக்சிகோ நகரத்திலும் மான்செஸ்டரிலும் இறந்த 37 பேரின் மூளைத் திசுவை ஆராய்ந்தார். மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடு நானோ துகள்கள் ஏராளம்.

மூளையில் மேக்னடைட் இருப்பது 1992-லேயே ஜோசப் கிர்ஷ்விங்க் சொன்னதுதான். ஆனால் உடம்பே உண்டாக்கும் படிகம் கோணம் கோணமாக இருக்கும். மேகர் கண்டவற்றில் பெரும்பாலானவை உருண்டை, மேற்பரப்பு உருகிக் குளிர்ந்த மாதிரி. கூடவே பிளாட்டினம் போன்ற உலோகங்கள். பிளாட்டினம் நம் மூளையில் விளைவதில்லை. வண்டியின் சைலன்சரில் இருக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரில் இருக்கிறது. அதனால் இவை எஞ்சின், பிரேக் மாதிரி சூடான இடத்தில் பிறந்து மூச்சு வழியாக வந்தவை என்பது அவர்களின் வாதம். மூளையில் இருந்தது என்பது நிரூபணம். அதனால்தான் அல்சைமர் வந்தது என்பது இன்னும் நிரூபணம் ஆகவில்லை. இரண்டையும் கலந்துகட்டி பயமுறுத்தும் வாட்ஸ்அப் செய்திகளை நம்பாதீர்கள்.

சரி, நம் ஊருக்கு வருவோம்

1970களில் ஓசூருக்கு சிப்காட் வந்தது. பெரிய ஆலைகளைச் சுற்றி அவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சின்ன யூனிட்டுகள் முளைத்தன. அவற்றைச் சுற்றி லைன் வீடுகள். பக்கத்திலேயே பெங்களூருக்கும் சேலத்துக்கும் நடுவே இரவு பகலாக லாரி ஓடும் தேசிய நெடுஞ்சாலை. பெரிய ஆலையில் ரோபோ வெல்டிங் செய்கிறது, புகை உறிஞ்சும் குழாய் இருக்கிறது. நான் கவலைப்படுவது ஷெட்டர் போட்ட ஒரு அறையில் நாலு பேர் ஃபேனைப் போட்டுக்கொண்டு வெல்டிங் அடிக்கிற யூனிட்டைப் பற்றியும், கிரில் பட்டறையைப் பற்றியும்தான். நாற்பத்தைந்து வயதில் ஒரு வெல்டருக்குக் கை நடுங்கி நடை தள்ளாடினால் நாம் என்ன சொல்கிறோம்? "தண்ணி ஜாஸ்தி." இல்லையென்றால் "சுகர் இருக்கும்." வெல்டிங் புகை என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

சட்டத்துக்குத் தோன்றியிருக்கிறது என்பதுதான் வேடிக்கை. 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே மாங்கனீசு நச்சு, அறிவிக்க வேண்டிய நோயாக இருந்தது. அப்படி ஒரு நோயாளியைப் பார்க்கும் மருத்துவர் தலைமை ஆய்வாளருக்கு எழுத வேண்டும் என்றது அந்தச் சட்டம். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலிலும் மாங்கனீசு நோய் இருந்தது. போபாலுக்குப் பிறகு 1987-ல் சேர்த்த அட்டவணை, மாங்கனீசுப் புகைக்கு ஒரு கன மீட்டர் காற்றில் 1 மில்லிகிராம் என்று எல்லை வைத்தது. அமெரிக்கத் தொழில் சுகாதார வல்லுநர்களின் அமைப்பு 2013-ல் நுரையீரலின் ஆழம் வரை போகும் மாங்கனீசுத் துகளுக்குப் பரிந்துரைத்தது 0.02 மில்லிகிராம். இரண்டும் அளக்கும் முறை சற்று வேறு. ஆனாலும் எண்ணில் 50 மடங்கு வித்தியாசம்.

சாலைக் காற்றுக்கு வந்தால், பி.எம். 2.5-க்கு இந்தியா 2009-ல் தரம் வகுத்தது: ஆண்டுச் சராசரி 40 மைக்ரோகிராம். நானோ துகளுக்குத் தனியாக இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் கட்டாய எல்லை வைக்காமல், ஒரு கன சென்டிமீட்டரில் நாள் சராசரி 10,000 துகளுக்கு மேல் போனால் அதிகம் என்று வழிகாட்டியது. இங்கே அளவு எடை இல்லை, எண்ணிக்கை. நம் நாட்டிலும் ஒரே ஓர் இடத்தில் எண்ணிக்கை வந்துவிட்டது: 2020 ஏப்ரலில் அமலான பி.எஸ். 6 விதிப்படி டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு 60,000 கோடித் துகளுக்கு மேல் விடக் கூடாது. கேட்க ராட்சச எண். ஆனால் வடிகட்டி இல்லாமல் அதற்குள் வர முடியாது என்பதால் வண்டிகளில் வடிகட்டி ஏறியது. எண்ணத் தொடங்கியதும் தீர்வும் வந்தது. பட்டறைக்குள் இன்னும் எண்ணத் தொடங்கவில்லை.

அதுவரை செய்யக்கூடியவை ரொம்பச் செலவில்லாதவை. புகைத் தூணுக்கு மேலே தலையைக் குனியாமல் பக்கவாட்டில் நின்று அடிப்பது. ஃபேனை முகத்துக்கு நேராக வைக்காமல், புகை வெளியே போகும் திசையில் வைப்பது. முடிந்தால் ஒரு புகை உறிஞ்சி. கைக்குட்டை கட்டுவதால் நானோ துகள் நிற்காது. முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் என்95 தர முகமூடி நிற்கவைக்கும். அதன் இழைகளில் மின்னேற்றம் இருப்பதால் சின்னத் துகளும் ஒட்டிக்கொள்ளும். பெயிண்ட், எண்ணெய் படிந்த கம்பியைத் துடைக்காமல் அடிக்காதீர்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று, காசே ஆகாதது. நடுக்கம், நடை மாற்றம், காரணமில்லாத கோபம், வாசனை தெரியாமல் போவது என்று ஈ.எஸ்.ஐ. மருத்துவரிடம் போகிற வெல்டர் அண்ணன் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், "இருபது வருஷமா வெல்டிங் அடிக்கிறேன் டாக்டர்" என்ற ஒரு வரியைச் சொல்லச் சொல்லுங்கள். சீட்டில் எழுதவும் சொல்லுங்கள். இரத்தத்தில் மாங்கனீசு கழிந்துபோயிருக்கலாம். அந்த ஒரு வரி சீட்டில் இருந்தால், எந்தத் தூசி அவரைத் தொட்டது என்பதற்கு ஒரு சாட்சியாவது மிஞ்சும்.